அன்றாட டாரட் சீட்டும் பமீலா கோல்மன் ஸ்மித்தின் ஓவியங்களும்

78 சீட்டுகள் கொண்ட டாரட் கட்டைக் கலைத்து, காலையில் ஒரு சீட்டை மட்டும் எடுத்து, அதிலுள்ள படத்தை அன்றைய நாளுக்கான வழிகாட்டலாகக் கொள்ளும் பழக்கம் அன்றாடச் சீட்டு எனப்படுகிறது. இப்பழக்கத்தில் இன்று மிகுதியாகப் பயன்படுபவை, 1909 டிசம்பரில் லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் நிறுவனம் வெளியிட்ட கட்டும் அதை முன்மாதிரியாகக் கொண்டு பின்னர் உருவான கட்டுகளும் ஆகும். கட்டின் திட்டத்தை வகுத்தவர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் (1857–1942). படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் (1878–1951). ஒரு சீட்டு ஒருவருக்கு வழிகாட்டியது என்றால் அந்த வழி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை முன்வைத்து, இப்படங்களைக் கலைப்படைப்புகளாக மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னணி

டாரட் சீட்டுகள் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் தோன்றின. மிலான், ஃபெராரா ஆகிய நகரங்களின் அரசவைகளில் அவை விளையாட்டுச் சீட்டுகளாகவே இருந்தன. மிலானின் விஸ்கொந்தி, ஸ்ஃபோர்ஸா குடும்பங்களுக்காகப் பொன்தகடு பதித்து வரையப்பட்ட கட்டுகளின் பகுதிகள் இன்றும் எஞ்சியுள்ளன. சாதாரணச் சீட்டுக்கட்டில் உள்ளதைப்போன்ற நான்கு இனங்களுடன் 22 வெற்றிச் சீட்டுகளைக் கூடுதலாகச் சேர்த்து ஆடப்பட்ட ஆட்டம் அது.

ஆட்டச் சீட்டை மறைஞானச் சீட்டாக மாற்றிய காலம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதி. 1781-ல் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கூர் த ஜெபலின், டாரட் என்பது பழைய எகிப்தின் ஞானநூல் படவடிவில் எஞ்சியது என்று எழுதினார். இதற்குச் சான்று எதையும் அவர் காட்டவில்லை. எகிப்திய எழுத்துகளைப் படிக்கும் முறையே அன்று கண்டறியப்பட்டிருக்கவில்லை. ஆயினும் அக்கருத்து பரவியது. எத்தேயா என்ற பெயரில் எழுதிய ஜான்-பாப்திஸ்த் அலியெத், குறி சொல்வதற்கென்றே ஒரு கட்டை உருவாக்கினார். அதில் நேராகவும் தலைகீழாகவும் படிக்கத்தக்க சொற்கள் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எலிஃபாஸ் லெவி 22 வெற்றிச் சீட்டுகளை 22 எபிரேய எழுத்துகளோடு இணைத்தார். 1888-ல் லண்டனில் தொடங்கப்பட்ட கோல்டன் டான் என்ற மறைஞான அமைப்பு இவை அனைத்தையும் ஒரே முறைமைக்குள் கொண்டுவந்தது. வெய்ட்டும் ஸ்மித்தும் அந்த அமைப்பில் உறுப்பினர்களாக இருந்தவர்கள்.

டாரட்டின் எகிப்தியத் தொன்மையை வரலாற்று நோக்கில் மறுத்தவர்களுள் முதன்மையானவர் ஆக்ஸ்ஃபோர்ட் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட். 1980-ல் வெளிவந்த ‘த கேம் ஆஃப் டாரட்’ என்னும் நூலில், சீட்டுகளின் முதல் முந்நூறு ஆண்டு வரலாறு ஓர் ஆட்டத்தின் வரலாறே என்று அவர் விரிவாக நிறுவினார். அன்றாடச் சீட்டைப் பற்றிய எந்த விவாதமும் இந்த உண்மையிலிருந்தே தொடங்கவேண்டும். சீட்டில் பழைய ஞானம் எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை என்று ஏற்றுக்கொண்ட பிறகும், படத்தைப் பார்ப்பவருக்கு ஏன் ஏதோ கிடைக்கிறது என்பதே விளக்கப்பட வேண்டியது.

ஓவியர்

பமீலா கோல்மன் ஸ்மித் லண்டனில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையின் ஒரு பகுதியை ஜமைக்காவில் கழித்தார். நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள பிராட் கலைக்கல்லூரியில் ஆர்தர் வெஸ்லி டவ் என்ற ஆசிரியரிடம் பயின்றார். ஜப்பானிய அச்சோவியங்களின் தட்டையான வண்ணப்பரப்பையும் தடித்த கோட்டையும் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியவர் டவ். அப்பயிற்சியின் தடம் டாரட் சீட்டுகளில் தெளிவாகத் தெரிகிறது.

ஸ்மித்தின் இரண்டாவது பள்ளி நாடகமேடை. லண்டனின் லைசியம் அரங்கக் குழுவோடு அவர் பயணம் செய்தார். நடிகை எலன் டெர்ரி, நடிகர் ஹென்றி இர்விங், அரங்க மேலாளராக இருந்த பிராம் ஸ்டோக்கர் ஆகியோர் அவருடைய வட்டத்தில் இருந்தனர். ஜமைக்கா நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து 1899-ல் ‘அனன்ஸி ஸ்டோரிஸ்’ என்ற நூலாக வெளியிட்டார். அக்கதைகளைப் பார்வையாளர் முன் தானே நிகழ்த்திக் காட்டினார். 1907-ல் நியூயார்க்கில் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் தன் காட்சிக்கூடத்தில் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். புகைப்படம் அல்லாத படைப்புகள் அங்கு இடம்பெற்றது அதுவே முதல்முறை.

1908-ல் கலை மாணவர்களுக்காக எழுதிய கட்டுரையொன்றில், நாடகங்களைப் பார்க்கும்படியும், மகிழ்ச்சியோ அச்சமோ துயரமோ மனிதரைப் பற்றும்போது முழு உடலும் எந்த நிலையை எடுக்கிறது என்று கவனிக்கும்படியும் ஸ்மித் அறிவுறுத்தினார். அடுத்த ஆண்டு அவர் வரைந்த டாரட் சீட்டுகளுக்கு இதைவிடச் சிறந்த முன்னுரை இல்லை.

1909-ன் சில மாதங்களுக்குள் அவர் 78 சீட்டுகளையும் வரைந்து முடித்தார். அந்த நவம்பரில் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மிகக் குறைந்த பணத்துக்கு மிகப் பெரிய வேலையொன்றைச் செய்து முடித்ததாகக் குறிப்பிட்டார். விற்பனையில் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை. 1911-ல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். பின்னர் கார்ன்வால் பகுதியில் வாழ்ந்து, 1951-ல் பியூட் என்ற சிற்றூரில் வறுமையில் இறந்தார். அந்தக் கட்டு நெடுங்காலம் பதிப்பாளர் பெயரையும் வெய்ட்டின் பெயரையும் மட்டும் சேர்த்து ‘ரைடர்-வெய்ட்’ என்றே அழைக்கப்பட்டது. ஓவியரின் பெயர், சீட்டுகளின் மூலையில் கொடிபோல் பின்னிய முதலெழுத்துக் குறியாக மட்டுமே எஞ்சியது. அண்மைக் காலத்தில்தான் ‘வெய்ட்-ஸ்மித்’, ‘ரைடர்-வெய்ட்-ஸ்மித்’ என்ற பெயர்கள் வழக்கத்திற்கு வந்தன.

சிறு சீட்டுகளில் நிகழ்ந்த மாற்றம்

டாரட் கட்டில் 22 பெருஞ்சீட்டுகளும் 56 சிறு சீட்டுகளும் உள்ளன. சிறு சீட்டுகள் கோல், கிண்ணம், வாள், நாணயம் என்ற நான்கு இனங்களைச் சேர்ந்தவை. அவற்றில் 16 சீட்டுகள் அரசவை மாந்தரையும் 40 சீட்டுகள் எண்களையும் கொண்டவை. பிரான்சில் வழங்கிய மார்செய் வகைக் கட்டுகளில் எண் சீட்டு என்றால் அந்த எண்ணிக்கையிலான பொருட்களின் ஒழுங்கமைவு மட்டுமே. எட்டுக் கிண்ணம் என்றால் எட்டுக் கிண்ணங்கள் இருக்கும். மனிதர் இருக்கமாட்டார். அச்சீட்டைப் படிக்க மனப்பாடம் தேவை.

ஸ்மித் 40 எண் சீட்டுகளையும் காட்சிகளாக்கினார். இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த சோலா புஸ்கா என்ற இத்தாலியக் கட்டில் எண் சீட்டுகளுக்கும் படங்கள் உள்ளன. அதன் புகைப்படங்கள் 1907-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு வந்தன. மூன்று வாள்கள் பாய்ந்த இதயம் இரு கட்டுகளிலும் ஒன்றுபோலவே உள்ளது. சுமையைக் கட்டிப்பிடித்துக் குனிந்து நிற்கும் மனிதன் சோலா புஸ்காவில் பத்து வாளில் இருக்கிறான். ஸ்மித்திடம் அவன் பத்துக் கோலுக்கு இடம் மாறுகிறான். ஸ்மித் அப்புகைப்படங்களைப் பார்த்திருந்தார் என்றே ஆய்வாளர்கள் பொதுவாகக் கருதுகின்றனர். ஆனால் பெரும்பாலான சீட்டுகளுக்கு இப்படி முன்மாதிரி கிடையாது. வெய்ட் பெருஞ்சீட்டுகளின் குறியீடுகளிலேயே கவனம் செலுத்தினார் என்றும், சிறு சீட்டுகளைப் பெரும்பாலும் ஓவியரின் கற்பனைக்கு விட்டார் என்றும் கருதப்படுகிறது.

அன்றாடச் சீட்டுப் பழக்கத்திற்கு இந்த மாற்றமே அடிப்படை. ஒரு நாளில் எடுக்கப்படும் சீட்டு எண் சீட்டாக இருக்கும் வாய்ப்பு 78-ல் 40. பெருஞ்சீட்டாக இருக்கும் வாய்ப்பு 78-ல் 22 மட்டுமே. அதாவது பாதிக்கும் மேற்பட்ட காலைகளில் பார்ப்பவர் முன் இருப்பது ஸ்மித் புதிதாகக் கற்பனை செய்த காட்சி.

மறைந்த முகங்கள்

ஸ்மித்தின் சிறு சீட்டுகளை வரிசையாகப் பார்க்கும்போது ஒரு கூறு திரும்பத் திரும்ப வருகிறது. உணர்ச்சி மிகுந்த காட்சிகள் பலவற்றில் முகம் தெரிவதில்லை.

எட்டுக் கிண்ணம்: சிவப்பு மேலாடை அணிந்த ஒருவர் கையில் கோலோடு மலையை நோக்கி நடந்து செல்கிறார். பார்ப்பவருக்குத் தெரிவது முதுகு மட்டும். முன்னால் அடுக்கிய கிண்ணங்களின் மேல்வரிசையில் ஒரு கிண்ணம் இருக்கவேண்டிய இடம் காலியாக உள்ளது. மேலிருந்து நிலவு முகம் தாழ்த்திப் பார்க்கிறது.

ஆறு வாள்: படகில் ஒரு பெண்ணும் குழந்தையும் குனிந்து அமர்ந்திருக்கின்றனர். படகோட்டி கழியை ஊன்றுகிறான். மூவரும் நமக்கு முதுகு காட்டியபடி அக்கரையை நோக்கியிருக்கின்றனர். படகின் ஒருபுறம் நீர் அலைகிறது, மறுபுறம் அமைதியாக இருக்கிறது. ஆறு வாள்களும் படகிலேயே குத்தி நிற்கின்றன. வாள்களைப் பிடுங்கினால் படகில் நீர் புகும் என்று பார்ப்பவருக்குத் தோன்றக்கூடும். துயரத்தை இறக்கிவைக்காமலேயே கரை கடக்கவேண்டிய நிலை அதில் இருக்கிறது.

ஒன்பது வாள்: ஒரு பெண் இரவில் படுக்கையில் எழுந்து அமர்ந்து இரு கைகளாலும் முகத்தை மூடியிருக்கிறாள். கருஞ்சுவரில் ஒன்பது வாள்கள் கிடைமட்டமாக உள்ளன. ஒன்றுகூட அவளைக் குத்தவில்லை. போர்வையில் ரோஜாக்களும் இராசிக் குறிகளும் மாறிமாறி வரையப்பட்டுள்ளன.

இரண்டு வாளில் பெண்ணின் கண்கள் கட்டப்பட்டுள்ளன. ஐந்து கிண்ணத்தில் கருப்பு மேலங்கி அணிந்தவரின் தலை கவிழ்ந்துள்ளது. பத்துக் கோலில் சுமப்பவனின் முகம் கோல்கட்டுக்குள் புதைந்துள்ளது. பத்து வாளில் வீழ்ந்துகிடப்பவன் முகம் அப்புறம் திரும்பியுள்ளது. துயரத்தில் மட்டுமல்ல, பத்துக் கிண்ணத்தில் வானவில்லைக் கண்டு கையுயர்த்தும் தம்பதியரும் முதுகு காட்டியே நிற்கின்றனர்.

இது நாடகமேடையில் கற்ற உத்தி. பெரிய அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு நடிகரின் முகம் தெரியாது. தோளும் கழுத்தும் முதுகும் உணர்ச்சியைச் சொல்லவேண்டும். ஒரு சாண்கூட இல்லாத சீட்டுக்கும் இதே விதி பொருந்துகிறது. அந்த அளவில் முகபாவனையை நுணுக்கமாக வரைய இயலாது. ஸ்மித் உடலின் நிலையை வரைந்தார். முகம் இல்லாத இடத்தில் பார்ப்பவர் தன் முகத்தை வைத்துக்கொள்கிறார். வேலையை விட எண்ணுபவரும், திருமணத்திலிருந்து விலக எண்ணுபவரும், ஊரைவிட்டுப் போகவேண்டியவரும் எட்டுக் கிண்ணத்தின் அதே முதுகில் தம்மைக் காண்பது இதனால்தான்.

சில சீட்டுகளில் மேடை வெளிப்படையாகவே தெரிகிறது. இரண்டு நாணயத்தில் இரு நாணயங்களைச் சுழற்றி ஆடும் இளைஞன் தட்டையான தரையில் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு கிடைக்கோடு. அதற்கு அப்பால் கடலும் கப்பல்களும் திரைச்சீலையில் தீட்டியவைபோல் உள்ளன. காட்சி உண்மையானது என்று ஓவியம் நம்பவைக்க முயல்வதில்லை. இது ஒரு நடிப்பு, பார்த்துக்கொள் என்கிறது. அன்றாடச் சீட்டைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய நேர்மை அது.

சொல்லும் படமும்

வெய்ட் 1911-ல் வெளியிட்ட விளக்கநூலில் ஒவ்வொரு சீட்டுக்கும் படவிவரணையும் குறிப்பொருளும் தந்தார். படத்தோடு அவற்றை ஒப்பிட்டால் இரண்டும் பல இடங்களில் விலகுவது தெரியும்.

ஆறு வாளுக்கு வெய்ட் தரும் விவரணை, படகோட்டி பயணிகளை அக்கரைக்குக் கொண்டுசெல்கிறான் என்ற அளவில் நிற்கிறது. குறிப்பொருள்களாக நீர்வழிப் பயணம், பாதை, தூது முதலியவற்றைச் சொல்கிறார். பெண்ணின் கவிழ்ந்த தோளைப் பற்றியோ துயரத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. இன்று அச்சீட்டைப் பார்ப்பவர் அதில் காணும் இழப்பும் இடப்பெயர்வும் முழுக்க ஸ்மித்தின் கோட்டிலிருந்து வந்தவை.

எட்டுக் கிண்ணத்தின் நிலை இன்னும் விந்தையானது. படத்தில் ஒருவர் தன் இன்பத்தைக் கைவிட்டுச் செல்வது வெளிப்படை என்று வெய்ட் எழுதுகிறார். அதே பத்தியில், பிற பொருள்கோடல்கள் இதற்கு நேர்மாறானவை என்று சொல்லி, மகிழ்ச்சி, மென்மை, அடக்கம் போன்றவற்றைப் பட்டியலிடுகிறார். 18-ஆம் நூற்றாண்டுக் குறிநூல்களின் சொற்களும் 1909-ன் படமும் இங்கு மோதுகின்றன. வெய்ட் இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இம்மோதலில் வென்றது படம். பிற்கால நூல்களில் எட்டுக் கிண்ணத்தின் பொருள் விலகிச் செல்லுதல் என்றே நிலைத்தது. மகிழ்ச்சியும் மென்மையும் மறைந்தன. ஒன்பது வாளுக்கு வெய்ட் தந்த மரணம், தோல்வி, ஏமாற்றம் போன்ற கடுஞ்சொற்களும் பின்தள்ளப்பட்டு, உறக்கமற்ற இரவின் கவலை என்ற பொருள் முன்வந்தது. சுவரிலிருக்கும் வாள்கள் அவளைத் தொடவில்லை என்பதைக் கண்ட வாசகர்களே இப்பொருளை உருவாக்கினர். டாரட் மரபு என்று இன்று மனப்பாடம் செய்யப்படுவதில் ஒரு பெரும்பகுதி, ஓர் ஓவியரின் படத்தைப் பலர் பார்த்துச் சொன்ன விமர்சனத்தின் தொகுப்பே. அதைத் தொன்மையான மறைபொருள் என்று சொல்வது ஓவியருக்குரிய இடத்தை இன்னொருமுறை மறுப்பதாகும்.

குறி சொல்லலில் இருந்து தன்னாய்வுக்கு

டி.எஸ். எலியட் 1922-ல் ‘த வேஸ்ட் லேண்ட்’ கவிதையில் டாரட்டைப் பயன்படுத்தினார். கட்டின் சரியான அமைப்பு தனக்குப் பரிச்சயமில்லை என்று தன் குறிப்பிலேயே அவர் ஒப்புக்கொண்டார். அன்றைய இலக்கிய வாசகருக்கு டாரட் என்பது குறிசொல்லும் பெண்ணின் கையிலிருந்த மர்மப்பொருள். 1970-களில் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் காப்லானின் யு.எஸ். கேம்ஸ் நிறுவனம் ஸ்மித்தின் கட்டைப் பரவலாக விற்கத் தொடங்கியபோது நிலைமை மாறியது. குறிசொல்பவர் இல்லாமல் சீட்டு நேரடியாக வாசகர் கைக்கு வந்தது.

ரேச்சல் போலக் 1980-லும் 1983-லும் இரு பகுதிகளாக வெளியிட்ட ‘செவன்டி எய்ட் டிகிரீஸ் ஆஃப் விஸ்டம்’, மேரி கே. கிரீர் 1984-ல் வெளியிட்ட ‘டாரட் ஃபார் யுவர்செல்ஃப்’ ஆகிய நூல்கள் சீட்டைத் தன்னாய்வுக்கான கருவியாக முன்வைத்தன. என்ன நடக்கும் என்ற கேள்வி நகர்ந்து, எனக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி வந்தது. நாளுக்கு ஒரு சீட்டு, அதற்கொரு நாட்குறிப்பு என்ற பழக்கம் இந்தத் திருப்பத்திற்கு இயல்பாகப் பொருந்தியது. இன்று கைபேசிச் செயலிகள் வழி அது மேலும் பரவியுள்ளது.

தற்செயலும் பொருத்தமும்

அன்றாடச் சீட்டை நம்புவோர் இரு அனுபவங்களைச் சான்றாகச் சொல்வதுண்டு. ஒன்று, வந்த சீட்டு தன் நிலைமையை அப்படியே சொல்கிறது என்பது. மற்றொன்று, ஒரே சீட்டு விடாமல் திரும்ப வருகிறது என்பது.

முதலாவதற்கு உளவியலில் நன்கறியப்பட்ட விளக்கம் உண்டு. 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை ஒன்றை நடத்தி, அவரவர்க்குரிய முடிவு என்று சொல்லி ஒரு குறிப்பைக் கொடுத்தார். அனைவருக்கும் தரப்பட்டது ஒரே குறிப்பு. அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பிடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. பொதுவான கூற்றைத் தனக்கே உரியதாக எடுத்துக்கொள்ளும் இவ்வியல்பு பின்னர் பார்னம் விளைவு என்றும் பெயர்பெற்றது.

இரண்டாவதைக் கணக்கே விளக்கும். ஒவ்வொரு நாளும் முழுக்கட்டையும் கலைத்து ஒரு சீட்டை எடுத்தால், ஒரு வாரத்திற்குள் ஏதாவதொரு சீட்டு இரண்டாம் முறை வரும் வாய்ப்பு ஏறத்தாழ 24 விழுக்காடு. 11 நாட்களில் அது பாதியைத் தாண்டுகிறது. 30 நாட்களில் 99 விழுக்காட்டுக்கும் மேல். சீட்டு ஒருவரைத் துரத்துவதாகத் தோன்றுவது, கட்டில் 78 சீட்டுகளே உள்ளன என்பதன் விளைவு. ஒரு மாதம் முழுக்க எச்சீட்டும் திரும்ப வரவில்லை என்றால்தான் வியக்கவேண்டும்.

ஆனால் இவ்விரு விளக்கங்களும் சீட்டு எதையும் முன்னறிவதில்லை என்பதை மட்டுமே நிறுவுகின்றன. படத்தைப் பார்ப்பது பயனற்றது என்று அவை நிறுவவில்லை. ஃபோரரின் குறிப்பு மாணவரைப் புகழ்ந்தும் லேசாகக் குறைசொல்லியும் எல்லோருக்கும் இதமாக எழுதப்பட்டது. ஸ்மித்தின் பத்து வாளோ ஒன்பது வாளோ அப்படிப்பட்டதல்ல. நல்ல மனநிலையில் இருப்பவர் தானாக எண்ணிப்பார்க்க விரும்பாத ஒன்றை அது முன்னால் வைக்கிறது. இங்குதான் தற்செயலுக்குப் பயன் இருக்கிறது. தானே தேர்ந்தெடுத்தால் ஒருவர் தனக்குப் பிடித்த படத்தையே மீண்டும் மீண்டும் எடுப்பார். கலைத்து எடுக்கும்போது அந்தத் தேர்வுரிமை பறிபோகிறது. சீட்டுக்கு ஒருவரைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாததனால்தான் அது அவருக்கு இசைவாகப் பேசுவதில்லை.

குறைகள்

முதல் குறை சொற்பட்டியல். கட்டுகளோடு வரும் சிறு கையேடுகளும் செயலிகளும் ஒவ்வொரு படத்தையும் மூன்று நான்கு சொற்களாகச் சுருக்குகின்றன. ஐந்து கிண்ணம் என்றால் இழப்பு, வருத்தம். படத்திலோ கவிழ்ந்த மூன்று கிண்ணங்களுக்குப் பின்னால் நிமிர்ந்த இரண்டு உள்ளன. ஆறும் பாலமும் அப்பால் ஒரு கோட்டையும் உள்ளன. கருப்பு அங்கிக்காரர் அவற்றைப் பார்க்கவில்லை, பார்ப்பவர் பார்க்கிறார். படத்தின் முழு அர்த்தமும் இந்த இடைவெளியில் இருக்கிறது. ‘இழப்பு’ என்ற சொல்லைப் படித்துவிட்டுச் சீட்டை வைத்துவிடுபவர், அங்கிக்காரரைப் போலவே இரண்டு கிண்ணங்களைத் தவறவிடுகிறார்.

இரண்டாவது குறை, எல்லாவற்றையும் நன்மையாக்கும் போக்கு. மரணச் சீட்டு வந்தால் அது மாற்றத்தையே குறிக்கும், அஞ்சவேண்டாம் என்பது இன்றைய வழக்கமான ஆறுதல். ஸ்மித்தின் படம் அவ்வளவு எளிதில் ஆறுதல் தருவதில்லை. கருங்கவசம் அணிந்த எலும்புக்கூடு வெண்குதிரையில் வருகிறது. அரசன் வீழ்ந்துகிடக்கிறான். ஆயர் கைகூப்பி நிற்கிறார். இளம்பெண் முகம் திருப்புகிறாள். குழந்தை மட்டும் நேராக ஏறிட்டுப் பார்க்கிறது. தொலைவில் இரு கோபுரங்களிடையே கதிரவன் உள்ளது. சாவின் முன் மனிதர் எடுக்கும் நான்கு நிலைகளை அது காட்டுகிறது. ‘மாற்றம்’ என்ற ஒரே சொல்லால் கடந்துபோவது படத்திலுள்ள இளம்பெண்ணைப்போல் முகம் திருப்பிக்கொள்வதே.

மூன்றாவது குறை மிகக் கடுமையானது. சீட்டு சிந்திக்கத் தூண்டும் வரை அது கருவி. முடிவெடுக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும்போது அது தப்பிக்கும் வழியாகிறது. பிடிக்காத சீட்டு வந்தால் மீண்டும் கலைத்து எடுப்பதும், நோய், பணம், வழக்கு போன்றவற்றில் உரியவரைக் கேட்பதற்குப் பதிலாகச் சீட்டைக் கேட்பதும் இதன் அடையாளங்கள். ஏற்கெனவே அச்சத்தில் இருப்பவருக்கு ஒவ்வொரு காலையும் ஒரு தீர்ப்பாக மாறிவிடக்கூடும். அத்தகையவருக்கு இப்பழக்கம் பரிந்துரைக்கத்தக்கதல்ல.

நான்காவது, படங்களின் உலகம் குறுகியது. அரசர், அரசி, மாவீரர், துறவி, கோட்டை என அது ஐரோப்பிய இடைக்காலத்தைக் கற்பனை செய்த எட்வர்டிய இங்கிலாந்தின் உலகம். மனிதர் அனைவரும் வெண்ணிறத்தவர். 1981-ல் வெளிவந்த வட்டவடிவ ‘மதர்பீஸ்’ கட்டு முதலாகப் பல கட்டுகள் இக்குறையை நிரப்ப முயன்றுள்ளன. அவற்றுள் பலவும் ஸ்மித்தின் காட்சியமைப்பையே வைத்துக்கொண்டு மாந்தரை மட்டும் மாற்றுகின்றன. குறையைச் சரிசெய்யும் முயற்சியிலும் முதல் ஓவியரின் ஆட்சி தொடர்கிறது.

மதிப்பீடு

அலீஸ்டர் க்ரோலியின் திட்டத்தில் ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை வரைந்த தோத் டாரட், ஓவியத்திறனில் ஸ்மித்தின் கட்டைவிடச் செறிவானது. வண்ண அடுக்குகளும் வடிவியல் நுட்பமும் நிறைந்தது. ஆனால் அதன் எண் சீட்டுகளில் மனிதர்கள் இல்லை என்றே சொல்லலாம். சீட்டுகளின் பெயர்களும் அவற்றிலேயே அச்சிடப்பட்டுள்ளன. அறிந்தவர் அதை வியக்கலாம். அறியாதவர் அதற்குள் நுழைய ஒரு முதுகோ தோளோ கிடைப்பதில்லை. இந்த ஒப்பீடு ஸ்மித்தின் இடத்தைத் தெளிவாக்குகிறது. அவருடைய கோடு சில இடங்களில் அவசரமானது. கைகால்களின் அளவு பிசகுகிறது. அச்சில் ஏறிய வண்ணங்கள் அவர் எண்ணியவைதானா என்று சரிபார்க்க மூல ஓவியங்களும் எஞ்சவில்லை. இருந்தும் நூறாண்டுக்குப் பின்னும் அறிமுகமில்லாதவர் முதல்பார்வையிலேயே அப்படங்களுக்குள் போய்விடமுடிகிறது.

அன்றாடச் சீட்டில் வழிகாட்டல் உண்டென்றால் அது விதியிடமிருந்தோ எகிப்திடமிருந்தோ வருவதில்லை. ஒரு நாடகக்கலைஞர் குறைந்த கூலிக்குச் சில மாதங்களில் வரைந்த உடல்நிலைகளிலிருந்தும், அவற்றைப் பார்ப்பவர் தன் வாழ்விலிருந்து கொண்டுவந்து சேர்ப்பதிலிருந்தும் அது உருவாகிறது. எனவே இச்சீட்டுகளைப் பயன்படுத்தும் நல்ல முறை, ஓவியத்தைப் பார்க்கும் நல்ல முறையாகவே இருக்கமுடியும். கையேட்டைத் திறக்குமுன் படத்தில் யார் இருக்கிறார், என்ன செய்கிறார், எதைப் பார்க்கவில்லை என்று சொல்லிப்பார்ப்பது முதல் படி. அந்த விவரணையில் எந்தச் சொல் தன்னைப் பற்றியதாக இருந்தது என்று கேட்டுக்கொள்வது இரண்டாவது. படம் தராத விடையை அதனிடமிருந்து கறக்காமல் விடுவது மூன்றாவது.

எட்டுக் கிண்ணத்தில் நடந்து போகிறவர் திரும்பி வருவாரா என்று ஸ்மித் வரையவில்லை. மேல்வரிசையில் விடுபட்ட கிண்ணம் எங்கே என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டியவர் சீட்டைக் கையில் வைத்திருப்பவர்.